முதல் சாட்சியின் நாடி

அருள்தாசன் வீட்டுப் படி ஏறும்போதே அந்த நாற்றம் ஜெபக்கனியின் மூக்கில் ஏறிவிட்டது. அழுகிய கீரையை வேப்பெண்ணெயில் போட்டுக் காய்ச்சினால் வரக்கூடிய நாற்றம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, தம்பி வீட்டில் கறிக்குழம்பு இருக்கும் என்று பாளையங்கோட்டையிலிருந்து நாசரேத்துக்குப் பஸ் பிடித்து வந்திருந்தாள். பசி வாசலிலேயே போய்விட்டது.

அடுப்பங்கரையில் தம்பி மனைவி பிரின்சி ஒரு பெரிய பானையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கரும்பச்சையாக ஏதோ கொழகொழவென்று குமிழி விட்டது. ஓரத்தில் ஒதுங்கிய நுரை கரண்டியோடு நூல் நூலாக எழும்பி வந்தது. இது ஒத்திகைதான், அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்துதான் நிஜமாகத் தொடங்கப்போகிறோம் என்று பிரின்சி சிரித்துக்கொண்டே சொன்னாள். எதைத் தொடங்கப்போகிறார்கள் என்பதைத் தம்பியிடமிருந்து பிடுங்கி எடுக்க ஜெபக்கனிக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

அருள்தாசனின் மகள் பெனிட்டாவுக்கு இருபது வயது. ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். இப்போது தூத்துக்குடியில் ஒரு நல்ல இடம் திகைந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஊசி விஷயம் தெரியாது. நிச்சயத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. அதற்குள் ஊசியை விட்டுவிட்டால் சொல்லவேண்டிய அவசியமே இல்லை என்று அருள்தாசன் கணக்குப் போட்டிருந்தான். அவனுக்கு வழி காட்டியது இணையத்தில் ஒரு பக்கம். அதன் பெயர் ‘இருபத்தொரு நாளில் இன்சுலின் விடுதலை’. ஊசியை அறவே நிறுத்திவிட்டு, மூன்று வேளையும் இந்தக் கண்ணராவியைக் குடிக்கவேண்டுமாம்.

ஜெபக்கனி இருபது வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்துவிட்டாள்.

"ஏல அருளு, உனக்குப் புத்தி பெரண்டு போச்சா? அவ உடம்புல ஒரு சொட்டு இன்சுலின் சொரக்காதுல. வெளியேருந்து குடுத்தாத்தான் உண்டு. நிறுத்தினா இருபத்தொரு நாளுல்லாம் தாங்காது. நாலு நாளுல பிள்ள போயிருவா."

அருள்தாசன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். பக்கத்தின் தலைமாட்டில் கரும்பச்சை இலை ஒன்று பளிச்சென்று இருந்தது. அதற்குள் தொண்ணூற்றாறு என்ற எண்.

"இந்த இலையப் போட்டது யாருக்கா? நீ வேலை பாக்குத கம்பெனிதான? அப்ப உன் கம்பெனி பொய் சொல்லுதா, இல்ல நீ பொய் சொல்லுதியா?"

ஜெபக்கனி அந்த இலையைப் பார்த்தபடி மறுபடி உட்கார்ந்தாள்.

ஒரு காலத்தில் இணையத்தில் ஒரு தலைவலிக்கு வைத்தியம் தேடினால் ஆயிரம் பேர் ஆயிரம் சொன்னார்கள். யாரை நம்புவது என்று தெரியாமல் சனங்கள் அலைந்தார்கள். மருத்துவர்கள் ‘இது தப்பு’ என்றால் அவர்களுக்கு மருந்துக் கம்பெனி காசு கொடுக்கிறது என்றார்கள். அப்போது வந்ததுதான் ‘தெளிவு’ என்ற நிறுவனம். யார் சொன்னார் என்று பார்க்காதே, அந்தப் பக்கத்தைப் படித்தவன் உடம்பு என்ன ஆயிற்று என்று பார் என்றது. எல்லார் மணிக்கட்டிலும் ஏற்கெனவே நலக்காப்பு ஏறியிருந்தது. நாடி, தூக்கம், நடை, வியர்வையில் சர்க்கரை எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும். ஒரு பக்கத்தைப் படித்து ‘இதன்படி நடப்பேன்’ என்று ஒருவர் உறுதி சொன்னால், அதற்கப்புறம் அவர் உடம்பு தேறுகிறதா, கெடுகிறதா என்று காப்பு சொல்லிவிடும். தேறினால் பக்கத்துக்கு மதிப்பெண். நூற்றுக்கு எண்பதைத் தாண்டினால் பச்சை இலை. மிக நன்றாகத் தேறியவர்களைச் ‘சாட்சிகள்’ என்று பக்கத்தின் அடியில் காட்டுவார்கள். பெயர் இருக்காது. வயது, நாள்வாரி விவரம், அந்த நிமிஷத்தில் ஓடுகிற நாடி மட்டும் இருக்கும்.

கோயிலில் வாராவாரம் சாட்சி கேட்டு வளர்ந்த குடும்பம் அது. ‘கர்த்தர் என்னைக் குணமாக்கினார்’ என்று ஒருவர் எழுந்து சொன்னால், எப்படி என்று யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அருள்தாசன் சாட்சிப் பட்டியலில் முதல் ஆளைத் தொட்டுக் காட்டினான்.

"இந்த மனுசனப் பாருக்கா. ஊசிய விடும்போது அம்பத்திநாலு வயசு. நாலு வருசமாச்சு. தெனம் ஏழாயிரம் அடி நடக்காவ. ராத்திரி பத்து மணிக்குப் படுத்தா காலைல நாலே முக்காலுக்கு முழிப்பு. ஆயிரம் டாக்டர் வேண்டாம், இந்த ஒரு ஆளு போதும் எனக்கு."

திரையில் அந்த ஆளின் நாடி பச்சைக் கோடாகத் துள்ளிக்கொண்டிருந்தது. நூற்று நாலு.

"ஞாயித்துக்கெழமகூட சும்மா இருக்க மாட்டாவ போல. எங்கயோ வேகமா நடந்து போறாவ" என்றான் அருள்தாசன், பெருமையாக. தன் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

பெனிட்டா வாசல் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள். ஊசி தனக்கு ஒன்றும் கஷ்டமில்லை, பழகிவிட்டது என்றாள். "எல்லாரும் பாக்குத பார்வதான் அத்த குத்துது. எலை பச்சையா இருக்கும்போது நான் மாட்டேன்னு சொன்னா, பிள்ளைக்கு விசுவாசம் இல்லன்னு சொல்லுவாவ."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜெபக்கனியின் சேலையில் அந்தக் கஷாய நாற்றம் வந்துகொண்டே இருந்தது. அதைவிட மோசமாக ஒன்று அவள் நெஞ்சில் நாறியது. அந்தப் பக்கத்தை அவளுக்கு முன்பே தெரியும். தெளிவு நிறுவனத்தில் அவள் சரிபார்ப்பாளர். நர்ஸ் வேலையை விட்டபிறகு, மருத்துவம் தெரிந்தவர்கள் வேண்டும் என்று கூப்பிட்டு எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததோடு சரி, மருத்துவத்தைப் பற்றி யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. தொண்ணூறுக்கு மேல் எடுத்த பக்கங்களில் எழுத்துப்பிழை, ஆபாசப் படம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் ‘சரி’யை அழுத்தவேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு பக்கம். ‘இன்சுலின் விடுதலை’க்கு அவள் இரண்டு தடவை சரி போட்டிருக்கிறாள். ஒரு தடவை ‘கஷாயம்’ என்பதில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்திக்கூடக் கொடுத்திருக்கிறாள். நினைக்க நினைக்கத் தன்மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

அலுவலகம் முருகன்குறிச்சியில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி. லிஃப்ட் ஓடி வருஷக்கணக்காகிறது. திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு வழக்கம்போல மூச்சு வாங்க ஏறினாள். இருக்கையில் உட்கார்ந்ததும், அவளுக்கு ஒதுக்கிய முந்நூறு பக்கங்களை ஓரங்கட்டிவிட்டு, அந்த ஒரு பக்கத்தின் ஆதாரப் பெட்டியைத் திறந்தாள். சரிபார்ப்பாளர்களுக்கு அந்த அனுமதி உண்டு. இதுவரை யாரும் திறந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு சாட்சிகள். பெயர் இல்லாமல், எண் மட்டும் போட்டு, ஆளுக்கொரு வரைபடம். புதியவர் மேலே, பழையவர் கீழே.

மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாம் ஒரே அச்சு. உறுதிமொழி சொன்ன நாளிலிருந்து சர்க்கரை ஏறுகிறது. நாடி தறிகெட்டு ஓடுகிறது. மூச்சு வேகமாகிறது. பிறகு ஒரு நாள் எல்லாம் நின்றுபோகிறது. சில நாள் வெறும் கோடு. அப்புறம் திடீரென்று நாடி திரும்புகிறது, அறுபத்தெட்டோ எழுபதோ, ஆற்றுத் தண்ணீர் மாதிரி நிதானமாக. சர்க்கரையும் சுத்தமாக இருக்கிறது. இயந்திரம் அதன் கீழே ‘முழுக் குணம்’ என்று எழுதி வைத்திருக்கிறது.

இருபதாவது வரைபடம் தாண்டும்போது அந்த வெறும் கோட்டின் நீளத்தை எண்ணினாள். பதினாறு நாள். அதற்கு முந்தையதையும் எண்ணினாள். அதுவும் பதினாறு. அடுத்தது பதினாறு, பதினாறு, நாற்பது, பதினாறு. நம் ஊரில் பதினாறாம் நாள் என்ன நடக்கும் என்று யாருக்குத்தான் தெரியாது. சில வீடுகளில் அது நாற்பதாம் நாள். அப்பாவின் கைக்கடிகாரத்தை யாரும் குப்பையில் போடுவதில்லை. காரியம் முடிந்த அன்று மூத்த மகன் எடுத்துக் கட்டிக்கொள்வான். இப்போது கடிகாரத்துக்குப் பதில் காப்பு.

நம்பமுடியாமல் இன்னும் தோண்டினாள். ஒரு சாட்சி, ஆண், வயது அறுபது. ‘முழுக் குணம்’ ஆனதற்கப்புறம் அவருடைய காப்பு மாதாமாதம், இருபத்தெட்டு நாளுக்கொரு தடவை, மாதவிலக்கு என்று ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தது. மூன்று வருஷமாக ஒரு அறுபது வயது ஆண் மாதவிலக்கு ஆகிக்கொண்டிருக்கிறார். அத்தனை அறிவு படைத்த இயந்திரத்துக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. மகள் கட்டியிருக்கிறாள் என்று ஜெபக்கனிக்குப் புரிந்தது.

அலுவலகப் பொறுப்பாளர் பரணீதரன் கோயமுத்தூர்க்காரர், முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவள் அவருடைய அறைக்குள் போனபோது முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தார். அவள் பதினாறு நாளைச் சொன்னாள், மாதவிலக்கைச் சொன்னாள், செத்தவர்களெல்லாம் பிழைத்ததாகக் கணக்கில் இருக்கிறார்கள் என்றாள். அவர் பதறுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் உதட்டில் ஒட்டியிருந்த துணுக்கை நாக்கால் உள்ளே இழுத்துக்கொண்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

அவருக்குத் தெரிந்திருந்தது. ஆரம்பத்தில் காப்பு கை மாறினால் கண்டுபிடித்துப் பூட்டிக்கொள்ளும் வசதி இருந்ததாம். ஆனால் அப்படிப் பூட்டிக்கொண்டதும் வீட்டார் அழுதுகொண்டு வந்து நின்றார்களாம். காப்பு தினமும் காலையில் அப்பா பெயரைச் சொல்லி வணக்கம் சொல்கிறது, அதை நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சினார்களாம். ஆயிரக்கணக்கில் புகார். வசதியை எடுத்துவிட்டார்கள்.

"துக்கத்துல இருக்கறவங்ககிட்டப் போயி கழட்டிக் குடுங்கன்னு சொல்ல முடியுங்களா மேடம்? மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்குதில்லைங்க."

மனுஷத்தன்மை. பப்ஸ் எண்ணெய் பளபளக்கிற வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோது ஜெபக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரி, காப்பு இருக்கட்டும், அந்த வரைபடங்களையாவது கணக்கிலிருந்து நீக்கலாமே என்று கேட்டாள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. ஒரு பக்கத்தில் நீக்கினால் எல்லாப் பக்கத்திலும் நீக்கவேண்டும். அப்புறம் எந்தப் பச்சை இலை மிஞ்சும் என்று அவருக்கே தெரியாதாம். இலைக்கு மதிப்புப் போனால் நிறுவனத்தை இழுத்து மூடவேண்டியதுதான்.

"செத்தவங்க கணக்கு என்னதான் ஆவுது?" என்று கேட்டாள் ஜெபக்கனி. "காப்பு கட்டாம விட்டவிய இருப்பாவள்லா? அவியளாவது இந்தப் பக்கம் கெட்டதுன்னு காட்டணுமே."

"இறந்துட்டாங்கன்னு வீட்டுல எழுதிக் குடுத்தா ஒரு நாளுக்குள்ள விவரத்த அழிக்கணும்னு சட்டமுங்க. அழிச்சர்றோம். அப்ப அவங்க படிச்சதும் இல்ல, செத்ததும் இல்ல."

ஆக, காப்பைக் கழற்றிவைத்த வீட்டில் செத்தவன் காணாமல் போகிறான். எடுத்துக் கட்டிக்கொண்ட வீட்டில் செத்தவன் குணமாகிறான். எவ்வளவு பேரைக் கொல்கிறதோ அவ்வளவு பச்சையாகிறது இலை. இதைக் கேட்டுவிட்டும் அந்த ஆள் மீதிப் பப்ஸைத் தின்றார்.

கடைசியில், அவளைக் கிளப்பினால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு வழி சொன்னார். சாட்சி விலகல் என்று ஒரு விதி இருக்கிறது. காப்பைக் கட்டியிருப்பவரே முன்வந்து, இது என்னுடையதல்ல, இறந்துபோனவருடையது என்று எழுதிக் கொடுத்தால் அந்தச் சாட்சி விழும். விழுவது பக்கத்தின் முதல் சாட்சியாக இருந்தால் இலை உடனே சாம்பல் நிறமாகும். முப்பது நாள் அப்படியே நின்றுவிட்டு, அடுத்த முதல் சாட்சியும் விழாவிட்டால் மறுபடி பச்சையாகும். அந்தப் பக்கத்தை மேலதிகாரிகள் திறந்து பார்த்தே ஆகவேண்டும். விதி வந்து மூன்று வருஷமாகிறது, இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். வரமாட்டார்கள் என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

முப்பது நாள் போதும். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் அருள்தாசனின் பிடிவாதத்தை உடைக்க அது போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த முதல் சாட்சியைக் கண்டுபிடிக்கவேண்டும். பெயரும் கிடையாது, ஊரும் கிடையாது. நாலு வருஷமாகச் செத்தவர் காப்பைக் கட்டிக்கொண்டு தினம் ஏழாயிரம் அடி நடக்கிற யாரோ ஒருவரை எங்கே போய்த் தேடுவது.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் பரணீதரன் அவளுக்கு வேறு வேலை கொடுத்து உட்காரவைத்தார். புதன்கிழமை பகல் பதினொரு மணிக்குத்தான் மறுபடி பெட்டியைத் திறக்க முடிந்தது. நேரே கடைசிக்குப் போனாள். முதல் சாட்சி.

அக்டோபர் மூன்றாம் தேதி இரவு உறுதிமொழி சொல்லியிருக்கிறார். நாலைந்து நாளில் சர்க்கரை ஏறத் தொடங்குகிறது. பத்தாம் நாள் இரவில் ஆறு தடவை எழுந்து நடந்திருக்கிறார். சிறுநீருக்கு என்று நர்ஸ் மூளை தானாகச் சொன்னது. பதினைந்தாம் நாள் மூச்சு வேகமாகிறது. இரத்தத்தில் அமிலம் ஏறிப் புளிக்கத் தொடங்கிவிட்டது, இப்போது வயிற்றுவலியும் வாந்தியும் இருக்கும். பத்தொன்பதாம் நாள் விடிகாலை எல்லாம் நின்றது. அக்டோபர் இருபத்திரண்டு.

அந்தத் தேதியைப் பார்த்தும் அவளுக்கு உடனே உறைக்கவில்லை. உறைக்க மனசு விடவில்லை என்றும் சொல்லலாம். வெறும் கோட்டை எண்ணினாள். பதினாறு இல்லை, நாற்பது இல்லை. மூன்று நாள். மூன்றாம் நாள் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்து ஜெபித்துவிட்டு வருவது அவர்கள் சபை வழக்கம்.

அப்புறம் நாலு வருஷம். காலையில் நாலே முக்காலுக்கு முழிப்பு. தினமும் எட்டே முக்காலுக்கு மூன்று மாடி ஏறின மாதிரி நாடி ஒரு எகிறு எகிறுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த எகிறல் இல்லை. போன ஞாயிறு மட்டும் மதியம் ஒன்றரை மணிக்கு நூற்று நாலு. திரையின் ஓரத்தில் இந்த நிமிஷத்து நாடி ஓடிக்கொண்டிருந்தது. எண்பத்தெட்டு. அவள் பார்க்கப் பார்க்கத் தொண்ணூற்றேழு ஆயிற்று. நூற்றுப் பத்து. நூற்று இருபது.

ஜெபக்கனி இடது மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள். தேவசகாயத்தின் காப்பு. அவள் கணவரின் காப்பு. வார் தேய்ந்து, ஒரு ஓரத்தில் பஸ் கிரீஸ் கறையோடு.

அவர் அரசு பஸ் டிரைவர். திருச்செந்தூர் வழித்தடத்தில் இருபத்தாறு வருஷம் ஓட்டினார். சர்க்கரை நோய் மாத்திரைக்குக் கேட்காமல் இன்சுலினுக்குப் போனதும் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு டிப்போவில் டோக்கன் கொடுக்கிற வேலையில் உட்காரவைத்தார்கள். அதில் மனுஷன் பாதியாகிப்போனார். காலை ஊசியை ஜெபக்கனி போட்டுவிடுவாள். அந்த அக்டோபரில் அவளுக்கு ஆஸ்பத்திரியில் தொடர்ச்சியாக நைட் டியூட்டி. நீ தூங்கு, நானே போட்டுக்கிடுதேன் என்றார். வாந்தி எடுத்தபோது கடை புரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. அவர் செத்த பிறகு ஃபிரிட்ஜில் ஒரு இன்சுலின் பாட்டில் கிட்டத்தட்ட நிறைந்து இருந்தது. புதிதாக வாங்கி வைத்திருக்கிறார் என்று நினைத்து, வார்டில் யாருக்காவது ஆகும் என்று எடுத்துப்போய்க் கொடுத்தாள். ஒரு நர்ஸ். இருபது வருஷ நர்ஸ்.

அவர் நம்பி மோசம் போன அதே பக்கத்துக்கு, நாலு வருஷமாக அவள் நாடி சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் மூன்று மாடி ஏறினது, சந்தைக்கு நடந்தது, தூங்கினது, ஜெபித்தது எல்லாவற்றையும் எடுத்து அந்தக் கஷாயத்தின் கணக்கில் வரவு வைத்திருக்கிறார்கள். நானூற்றுப் பதினொரு பேர் அவளைப் பார்த்துத்தான் பின்னால் வந்திருக்கிறார்கள். அந்த அருவருப்பு வாந்தியில் போகிற மாதிரி இல்லை. தோலை உரித்து எறியவேண்டும் போலிருந்தது. ஆனாலும் அவள் காப்பை அப்போது கழற்றவில்லை. அதைக் கழற்றுகிற இடம் அதுவல்ல என்று பட்டது. வெறுப்போடு அதைச் சுமந்துகொண்டு நாலு நாள் இருந்தாள். தினமும் காலையில், ‘தேவசகாயம், நேற்று நன்றாகத் தூங்கினீர்கள்’ என்றது. நாலு வருஷமாக அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் அதைக் கட்டியிருந்தாள். இப்போது அதைக் கேட்கும்போது வீட்டுக்குள் யாரோ அவர் குரலில் கேலி செய்கிற மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாசரேத்தில் அவள் நுழைந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. வேதப்புத்தகம், மெழுகுவர்த்தி, எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை அந்தப் பச்சைக் கஷாயம். அதன்மேல் ஆடை படிந்திருந்தது. பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றின ஒரு பொட்டலம். பெனிட்டாவின் இன்சுலின் பாட்டில்கள் அதற்குள் இருந்தன. ஜெபம் முடிந்ததும் கிணற்றில் போடப்போகிறார்களாம். பெனிட்டா வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். காலை ஊசி இன்னும் போடவில்லை.

ஜெபக்கனி சண்டை போடவில்லை. தம்பிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அந்த முதல் சாட்சியைக் காட்டு என்றாள். அவனுக்குச் சந்தோஷம். அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு போனைத் திறந்து நடுவில் வைத்தான். பச்சைக் கோடு ஓடியது. தொண்ணூற்று நாலு.

"கண்ண எடுக்காம பாரு" என்று சொல்லிவிட்டு ஜெபக்கனி காப்பின் கொக்கியை விடுவித்தாள்.

கோடு படுத்துவிட்டது. அருள்தாசன் நெற்றியைச் சுருக்கினான். குளிக்கப் போயிருப்பாவ என்றான். ஜெபக்கனி காப்பை மறுபடி கட்டினாள். கோடு எழுந்தது. கழற்றினாள், விழுந்தது. கட்டினாள், எழுந்தது. மூன்றாம் தடவை கழற்றியதைக் கட்டாமல் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். வாரில் இருந்த கிரீஸ் கறை மேலே தெரிந்தது.

அருள்தாசன் காப்பையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தான். அவன் சைக்கிள் பழகியதும், முதல் தடவை பஸ்ஸின் டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் அந்தக் காப்பைக் கட்டியிருந்தவரின் கையைப் பிடித்துத்தான்.

"எக்கா, அத்தானா?"

"அவியதான். உன் ஆயிரம் டாக்டருக்குச் சமமான ஆளு. நீயும் நானுமாத்தான் அவியள மண்ணுல வச்சோம்."

அருள்தாசன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. தேற்ற அவளிடம் ஒன்றும் இல்லை. அவன் போனிலேயே சாட்சி விலகல் படிவத்தைத் திறந்தாள். காப்பைக் கட்டியிருப்பவர் பெயர் கேட்டது, எழுதினாள். காப்புக்கு உரியவர் பெயர் கேட்டது, எழுதினாள். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டது. ‘பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில்’ என்று எழுதினாள். எல்லாம் முடிந்த பிறகு, அழகான பூ வேலைப்பாட்டோடு கடைசியாக ஒரு கேள்வி வந்தது. அவர் நினைவாக, குடும்பத்தில் வேறு யாராவது இந்தக் காப்பைத் தொடர்ந்து அணிய விரும்புகிறீர்களா?

ஜெபக்கனி ‘இல்லை’யை அழுத்தின அழுத்தில் திரை உடைந்திருக்கவேண்டும். இலை மெல்லச் சாம்பல் நிறமாயிற்று.

பிரின்சி டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் கொட்டினாள். அருள்தாசன் செய்தித்தாளைப் பிரித்து, பாட்டில்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, ஃபிரிட்ஜ் கதவில் பழைய இடத்திலேயே வைத்தான். ஒன்றை மட்டும் மகள் கையில் கொடுத்தான். பெனிட்டா அங்கேயே, எல்லார் முன்னாலும், சட்டையை லேசாகத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாள். தூத்துக்குடிக்கு நானே போய்ச் சொல்லுதேன் என்றான் அருள்தாசன். மாப்பிள்ளை வீடு என்ன சொல்லும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

பெனிட்டா போனை எடுத்துப் பார்த்தாள். இலை சாம்பலாக இருந்தாலும் பக்கம் அப்படியேதான் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு இப்போது நானூற்றுப் பதினொன்று.

"அத்த, மொத எடத்துக்கு வேற ஆளு வந்துட்டாவ" என்றாள்.

ஜெபக்கனி எட்டிப் பார்த்தாள். மாதவிலக்கு குறித்திருந்த அதே சாட்சி. ஆண், வயது அறுபது. முழுக் குணம். நாடி எழுபத்திரண்டில் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. எந்த ஊரிலோ, யாரோ ஒரு பெண், அப்பாவின் காப்பைக் கட்டிக்கொண்டு, காலையில் அது சொல்கிற அப்பாவின் பெயரைக் கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முப்பது நாளுக்குள் அவளைக் கண்டுபிடித்தாகவேண்டும். கண்டுபிடித்தால் என்ன சொல்லிக் கழற்றச் சொல்வது என்றுதான் ஜெபக்கனிக்குத் தெரியவில்லை.